மாண்டரின் மீன் மெலிந்துகொண்டே போகிறது: நோயா, பசியா?

கேள்வி:
நீல உடலில் செம்மஞ்சள் கோடுகள் நெளியும் மாண்டரின் மீன் ஒன்றை இரண்டு மாதங்களாகக் கடல்நீர்த் தொட்டியில் வளர்த்து வருகிறேன். உறைய வைத்த இறாலையும் குருணைத் தீவனத்தையும் அருகில் வந்து பார்க்கிறதே தவிர, வாய் வைப்பதில்லை. பகலெல்லாம் பாறையைக் கொத்தியும் அதன் வயிறு ஒட்டி, முதுகோரச் சதை வற்றிவிட்டது. இது ஏதேனும் நோயா?

மறுமொழி 1:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குப் பசி என்றே படுகிறது. இம்மீன் ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் தொடங்கி, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, மேற்குப் பசிபிக்கின் அலையடங்கிய காயல்களிலும் கரையோரப் பவளத்திட்டுகளிலும், பெரும்பாலும் 18 மீட்டர் ஆழத்துக்குள் வாழ்வது. உடைந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும் தரையில், அடித்துடுப்புகளை ஊன்றி நடப்பதுபோல் நகர்ந்து, ஓரிடத்தில் நின்று உற்றுப் பார்த்து, சட்டென்று ஒரு கொத்துக் கொத்தும். அதன் வாயில் அகப்படுவது பெரும்பாலும் கோப்பிபாட் எனப்படும், வெறும் கண்ணுக்குப் புள்ளியளவே தெரியும் ஓட்டுடலி. ஒரே வேளையில் வயிறு நிரப்பிக்கொள்ளும் மீனன்று. பகல் முழுவதும் இப்படிக் கொத்தினால்தான் அதற்குப் போதும். பாறைகள் நிறைந்த, பல மாதங்கள் ஓடிப் பழகிய தொட்டியில்தான் இந்த உயிரிகள் தாமாகப் பெருகும். உங்கள் தொட்டி எவ்வளவு பழையது? அதே இரையைத் தேடும் வேறு மீன்கள் உள்ளனவா?

கேள்வி கேட்டவர்:
தொட்டிக்கு நான்கு மாதங்கள்தான் ஆகின்றன. பாறையைத் துருவித் தின்னும் வேறொரு சிறு மீனும் இருக்கிறது.

மறுமொழி 2:
அப்படியானால் பாறையைத் துருவும் அந்தச் சிறு மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இருவருக்கும் போதிய இரை அங்கு இராது. பாசி வளரும் தனி அறை ஒன்றைத் தொட்டியோடு இணைத்து, அதில் கோப்பிபாட்களை விட்டுப் பெருக்குங்கள். அவை பெருகும்வரை ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர்ச் சிற்றுயிரியை உயிரோடு, சிறிது சிறிதாக, நாளுக்குப் பலமுறை கொடுங்கள். சில மாண்டரின்கள் உறைந்த தீவனத்துக்கும் பழகுவதுண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க உங்கள் மீனுக்கு நேரமில்லை.

மறுமொழி 1:
ஒன்றைச் சேர்க்கிறேன். மாண்டரினுக்குச் செதில் கிடையாது. கெட்டியான கோழைதான் காப்பு. ஆகவே அதைப் பிடிக்க நேர்ந்தால், வலையால் அள்ளாமல், நீரோடு ஒரு கிண்ணத்தில் ஏந்துங்கள். பிற மீன்கள் பெரும்பாலானவற்றில் நீலம் ஒளிச் சிதறலால் தோன்றுவது. இதன் தோலிலோ உண்மையான நீல நிறமி கொண்ட செல்களே இருக்கின்றன. அதனால் மெலிந்த நிலையிலும் நிறம் பளிச்சென்றே இருக்கக்கூடும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், வயிற்றை மட்டும் கவனியுங்கள்.