நான்கு கோடு சிக்னல் இருந்தும் கால் கட் ஆகிறது (கோத்தகிரி)

மலைச்சரிவு:
கோத்தகிரிக்குக் கீழே, மேட்டுப்பாளையத்தைப் பார்த்த சரிவில் எங்கள் வீடு. அப்பா, அம்மா மட்டும் அங்கே, நான் கோவையில். முன்வாசலில் நின்றால் நான்கு கோடும் முழுசாக இருக்கிறது. ஆனால் பேச ஆரம்பித்து இருபது விநாடிக்குள் அம்மாவின் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல ஆகி, கட். வாட்ஸப்பில் ஒரு போட்டோ போகக் கால் மணி நேரம். சிம் மாற்றிப் பார்த்தாயிற்று, போனும் புதுசு. கஸ்டமர் கேரில் கேட்டால் "உங்கள் ஏரியாவில் சிக்னல் நன்றாக இருக்கிறதே" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

செல்கடை:
ஆன்லைனில் பூஸ்டர் விற்கிறார்கள். மொட்டை மாடியில் மாட்டுங்கள், சரியாகிவிடும்.

டவர்வேலை:
பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம், பக்கத்து வீட்டுக்காரர் லைனையும் சேர்த்துக் கெடுக்கும். தம்பி, ராத்திரி வாசலில் நின்றால் கீழே ஊர் விளக்குகள் தெரியுமா? போன் சாம்சங் என்றால் *#0011# அடித்து, ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் எவ்வளவு பலம்), எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே) இரண்டையும் சொல்லுங்கள்.

மலைச்சரிவு:
விளக்கெல்லாம் நன்றாகத் தெரியும் அண்ணா. ஆர்எஸ்ஆர்பி -91, எஸ்என்ஆர் -3.

டவர்வேலை:
நினைத்தேன். கோடு காட்டுவது சத்தம் எவ்வளவு என்பதைத்தான்; பேச்சு புரிகிறதா என்பது எஸ்என்ஆரில்தான் தெரியும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. சமவெளியின் டவர்கள் பல, ஒரே அலைவரிசையில் உங்கள் வாசலுக்கு வந்து மோதுகின்றன. எதுவும் உங்களுக்காக வைத்ததில்லை; அவற்றின் ஆண்டெனா கீழே பார்த்துச் சாய்ந்திருக்கும். சந்தைக்கூச்சலில் ஒருவர் பேச்சைப் பிடிக்கப் பார்க்கிற கதைதான். வீட்டுக்குப் பின்னால், மலையைப் பார்த்த பக்கம் போய் அளந்து பாருங்கள். அங்கே வீடே சமவெளியை மறைத்துவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோத்தகிரி டவரின் 900 மெகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சமாவது வளைந்து வரும். 2300 மெகாஹெர்ட்ஸ் அப்படி வராது.

தீவுக்காரன்:
அந்தமானில், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) எங்களுக்கும் முன்பு கோடு முழுசாக இருக்கும், நெட் நகராது. ஆனால் அது வேறு வியாதி. டவர் பக்கத்திலேயே இருந்தது, டவரை வெளியுலகத்தோடு இணைக்கச் சாட்டிலைட் மட்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர், வந்த பிறகுதான் விடிவு. உங்களுக்குக் காலே உடைகிறது என்றால் அண்ணன் சொல்வதுதான் சரி.

மலைச்சரிவு:
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில், மசாலா டப்பா பக்கத்தில்: ஒரே ஒரு கோடு, ஆர்எஸ்ஆர்பி -113, எஸ்என்ஆர் 8. பதினோரு நிமிஷம் பேசினோம், கட் ஆகவில்லை! அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை, கோடு குறைவாக இருக்கிறதே என்கிறார். அம்மாவோ, "போன் வந்தால் அடுப்படிக்கு ஓடணுமா?" என்கிறார்.

டவர்வேலை:
வீட்டில் கேபிள்காரர் நெட் இருந்தால் வைஃபை காலிங் ஆன் செய்துவிடுங்கள். நம்பர் அதேதான், தனி ஆப் வேண்டாம். முன்வாசலிலும் பேசலாம். மழைக்காலத்தில் கரண்ட் போகும், மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வையுங்கள். 12 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்து வாங்குங்கள்.

மலைச்சரிவு:
அடாப்டரை அப்பா போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். 12 வோல்ட்தான். அடுப்படியில் நின்று அனுப்பினாராம்.