சித்தப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார், எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த என் சித்தப்பாவுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் நோய். தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. போன ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை என்றார்கள். அதிலிருந்து மாத்திரை டப்பா சாமி மேடை ஓரத்தில் திறக்காமலே கிடக்கிறது. கீழாநெல்லி போதும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் படித்தவரை, கல்லீரல் செல்லின் மேல் பித்த உப்பை உள்ளே இழுக்கும் என்டிசிபி என்ற புரதம் இருக்கிறது. அதைப் பிடித்துத்தான் வைரஸ் நுழைகிறது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். நுழைந்ததும் அதன் மரபுப்பொருளான டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையமாகத் தங்கிவிடும். அந்த வளையத்திலிருந்து ஆர்என்ஏ நகல்கள் வரும். அவற்றிலிருந்து புது வைரஸுக்கான டிஎன்ஏ உருவாவதைத்தான் டெனோஃபோவிரும் அதே மாதிரி மாத்திரையான என்டகாவிரும் தடுக்கின்றன. வளையத்தை அழிப்பதில்லை. லாலான் புல்லை மேலே வெட்டினாலும் கிழங்கு மண்ணில் இருக்கிற மாதிரிதான். மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கலாம்.

இதை நான் சொன்னால் "சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பேசி ஜெயித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தமிழில் படம் போட்ட விளக்கம் இருந்தால் அனுப்புங்கள். ஈப்போ வட்டாரத்தில் தமிழில் பொறுமையாகப் பேசும் மருந்தாளுநர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

அப்புறம், சித்தியும் அண்ணனும் இன்னும் பரிசோதனை செய்யவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு இங்கே மலேசியாவில் 1989இல்தான் தடுப்பூசி தொடங்கியது. அண்ணன் அதற்கு முன்பே பிறந்தவர். கிளினிக்கில் என்னென்ன பரிசோதனை கேட்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.