மறு: வல்லூற்றின் ‘ஸ்டூப்’ — சொருகல் போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கியவன் நான். ஐந்து நாளாக வாயை மூடிக்கொண்டு படித்தேன். இனி என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

புதிதாக வந்தவர்களுக்காக முன்கதை. ஏற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் ஒரு பறவைக் கையேடு தயாரிக்கிறோம். அதில் பொரி வல்லூற்றுக்கு இரண்டு பக்கம். அவசரத்தில் ஒரு பகுதியைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தோம். ‘இப்பறவை மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் குனியும்’ என்று வந்து நின்றது. ஆங்கிலத்தில் ‘ஸ்டூப்’ என்றால் குனிவதும்தான், வல்லூறு சிறகை மடக்கி மேலிருந்து இரைமேல் இறங்குவதும்தான். அந்த வேகத்தில் குனிந்தால் நம் இடுப்பு என்ன ஆகும் என்று சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: குனிவதை அடித்துவிட்டால் அந்த இடத்தில் எழுத என்னிடம் சொல் இல்லை.

வந்த பரிந்துரைகளில் எனக்கு ஒட்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

> ‘வான்முக்குளிப்பு’ என்று வைக்கலாமே?

முக்குளிப்பான் என்று ஏரியில் ஒரு பறவை ஏற்கெனவே இருக்கிறது. அது முங்கும், நனையும், வேறு இடத்தில் எழும். வானத்தில் முக்குளிக்க என்ன இருக்கிறது? ‘டைவ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடிப் போனால் இப்படித்தான் தண்ணீரில் போய் விழுவோம். பறவையைப் பார்த்துத் தேட வேண்டும்.

> அதிவேகச் செங்குத்து வீழ்பாய்ச்சல்

இதை அனுப்பிய ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சொல்லில் மூன்று தகவல் இருக்கிறது, மூன்றிலும் இடறல்.

முதலில் ‘அதிவேகம்’. எல்லோரும் மேற்கோள் காட்டும் 389 கி.மீ. என்பது அமெரிக்காவில் கென் ஃபிராங்க்ளின் பழக்கிய ‘ஃப்ரைட்ஃபுல்’ என்ற பெண் வல்லூற்றின் கணக்கு. விமானத்தில் ஏற்றி, உயரத்தில் விட்டு, கூடவே குதித்து அளந்தார்கள். காட்டு வல்லூறு தினமும் அப்படி இறங்குவதில்லை. ஸ்வீடனில் ரேடார் வைத்து அளந்து 1987இல் வெளியிட்டபோது கிடைத்த உச்சம் மணிக்கு சுமார் 140 கி.மீ. கணக்குப் போட்டாலும் இது புரியும். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 320 கி.மீ. வேகத்தை எட்ட 400 மீட்டர் விழ வேண்டும். காற்று இருக்கிறது, ஆகவே இன்னும் அதிகம். எதிரில் போகும் மைனாவுக்காக யார் அவ்வளவு உயரம் ஏறுவார்கள்? 140இல் வந்தாலும் அது அதே செயல்தான். வேகத்தைப் பெயரில் கட்டிவிட்டால் மெதுவாக வந்த வல்லூற்றுக்கு வேறு பெயர் தேட வேண்டிவரும்.

(கையேட்டில் வேகத்தை விளக்க நாங்கள் எழுதியிருப்பது இது: ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவையும் சுற்றிப் பேருந்து இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது. 320 கி.மீ. வேகத்தில் நேராக இறங்கினால் 14 விநாடி. பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துப்போனது. ஒரு பையன், ‘அப்ப வாந்தி வராதுங்களா சார்?’ என்று கேட்டான்.)

அடுத்து ‘செங்குத்து’. பல சமயம் சாய்வாகத்தான் வரும். நேர்கோட்டில்கூட வராது. ட்யூக் பல்கலைக்கழகத்தின் வான்ஸ் டக்கர் 2000இல் எழுதிய விஷயம் இது. வல்லூற்றின் கண்ணில் கூர்மையான பார்வை விழும் இடம் நேர் முன்னால் இல்லை, பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகை தள்ளி இருக்கிறது. தூரத்து இரையைத் துல்லியமாகப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பினால் காற்றின் இழுவை கூடி வேகம் குறைந்துவிடும். அதனால் தலையை நேராக வைத்துக்கொண்டு, இரையை ஒரு கண்ணின் ஓரத்திலேயே நிறுத்தி, வளைந்து வருகிறது. அந்தப் பாதை, உள்ளே போகப் போக இறுகிக்கொண்டே வரும் ஒரு மடக்கைச் சுருள். சுற்றுவழிதான், ஆனாலும் நேர்வழியைவிடச் சீக்கிரம் சேர்த்துவிடுகிறது. நம் மலைப்பாதைக்காரர்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

மூன்றாவது ‘வீழ்’. இதில்தான் எனக்கு உண்மையான சங்கடம். குறுந்தொகை 151இல் எழால் என்ற வல்லூறு வந்து தாக்குவதற்கு ‘வீழ்’ என்ற வினைதான் இருக்கிறது என்று மதுரை அம்மா எடுத்துக்காட்டியிருந்தார். சரியான சான்று, மறுக்கவில்லை. ஆனால் இன்று வீழ்ச்சி என்றால் பங்குச்சந்தை, அருவி, ஆட்சி. தானாக விழுவது. வல்லூறு விழுவதில்லை, ஓட்டிக்கொண்டு வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வல்லூறுகள்மேல் ஜி.பி.எஸ். கருவியும் சிறு கேமராவும் பொருத்திப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். இரையைப் பார்க்கும் கோடு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் வல்லூறும் தன் திசையைத் திருப்புகிறது. ஏவுகணைக்கு எழுதி வைத்திருக்கும் விதி இதுதான். வேகம் கூடக்கூடத் திரும்புவதற்கான விசையும் கூடும் என்பதால் கடைசி நொடியில் இரை வெட்டித் திரும்பினாலும் இது தொடர முடிகிறது. இப்படி ஒரு செயலை வீழ்ச்சி என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

இனி இறாஞ்சல்.

> எங்கள் ஊரில் பருந்து கோழிக்குஞ்சை இறாஞ்சிக்கொண்டு போனது என்றுதான் சொல்வோம். கைவசம் சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன இந்தக் காரணம் எனக்கு நூற்றுக்கு நூறு சம்மதம். சேலம் பக்கமும் ‘ராஞ்சிருச்சு’ உண்டு. என் அப்பாயி கோழிக்குஞ்சுகளைக் கூடையால் கவிழ்த்துக்கொண்டே பருந்தை வைவது அந்தச் சொல்லோடுதான் காதில் இருக்கிறது. ஆனால் பருந்து என்ன செய்கிறது? சிறகை விரித்தபடியே தாழ்ந்து வந்து, தரையில் இருப்பதைக் காலால் கவ்வி, அதே ஓட்டத்தில் மேலே போகிறது. இறாஞ்சுவது என்பது அந்தக் கவ்வல்தான். வல்லூறு பெரும்பாலும் பறக்கிற பறவையைப் பறக்கும்போதே காலால் அடிக்கிறது. அடிபட்டது கீழே சரிய, திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். அப்படியும் உயிர் இருந்தால் மேலலகின் ஓரத்தில் இருக்கும் பல் போன்ற முனையால் கழுத்தெலும்பை முறிக்கும். இறாஞ்சலைப் பருந்துக்கே விட்டுவிடுவோம். நல்ல சொல், அதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்.

ஆக, நமக்கு வேண்டியது இரண்டு சொல். இறங்குவதற்கு ஒன்று, அடிப்பதற்கு ஒன்று. இந்த இழை முழுக்க இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்ததுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடிப்பதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. சேலம் குகைப் பகுதியில் மொட்டை மாடியில் கர்ணப்புறா வளர்க்கும் ஒருவரிடம் கேட்டேன். ‘பைரி அடிச்சிருச்சுங்க’ என்றார், வேறு மாதிரி அவர் வாயில் வரவே இல்லை. அவருக்கு வல்லூறும் பைரிதான், மற்ற வேட்டைப் பறவைகளும் பைரிதான். ஆனால் வினையில் குழப்பமே இல்லை: அடி. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘தாக்குதல்’ வேண்டாம், அது செய்தித்தாளில் தேய்ந்துபோன சொல்.

இறங்குவதற்குத்தான் போன மாதம் எனக்கு ஒரு சொல் கிடைத்தது. நான் உருவாக்கியது இல்லை, காதால் கேட்டது.

கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில், காலை ஏழரை மணி. வெயில் பாறை முகத்தில் அப்போதுதான் விழுந்திருந்தது. பாறை இடுக்கிலிருந்து மாடப்புறா ஏழெட்டு கிளம்பி எங்களுக்கு முன்னால் பள்ளத்தின் குறுக்கே போயின. நான் பைனாகுலரோடு புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது தவறான இடத்தை. முதலில் சத்தம்தான் வந்தது. ஜவுளிக்கடையில் புது வேட்டியை நுனியில் வெட்டிவிட்டு ஒரே இழுப்பில் கிழிப்பார்களே, அந்தச் சத்தம், மேலிருந்து கீழாக. நிமிர்ந்தபோது காற்றில் ஒரு கைப்பிடி இறகு மட்டும் நின்றது. அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. புறாக்கூட்டம் இரண்டாகப் பிரிந்து மலைக்குள் போய்விட்டது. வல்லூற்றை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன். கீழே, எங்கள் கண்மட்டத்துக்கும் தாழ, முதுகு கருஞ்சாம்பலாகத் தெரிய, கனமான எதையோ தூக்கிக்கொண்டு போயிற்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வெளிர் வகை இல்லை, நம் மலைகளிலேயே வாழும் ஷாஹீன் வகை என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் ஆடு ஓட்டிவந்த பெரியவர் முழுதும் பார்த்திருக்கிறார். வெறும் கண்ணால். ‘றெக்கைய மடக்கிக்கிட்டு அப்பிடியே சொருகுச்சுங்க’ என்றார். கையை மேலே தூக்கி, விரல்களைச் சேர்த்துக் குவித்து, சாய்வாகக் கீழே இறக்கிக் காட்டினார். கத்தியை உறையில் போடுகிற சைகை.

சொருகல். இதுதான் என் பரிந்துரை.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். சேலையில் கொசுவத்தை என்ன செய்கிறோம்? மடித்து, ஒடுக்கி, அப்புறம் சொருகுகிறோம். விரிந்து கிடப்பதைச் சொருக முடியாது. வல்லூறும் அதையேதான் செய்கிறது. சிறகை மடக்கி உடம்போடு ஒட்டி, நீர்த்துளி வடிவத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, காற்றுக்குள் நுழைகிறது. மடக்குவது என்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேகத்தைப் பற்றி இந்தச் சொல் வாயே திறப்பதில்லை, கோணத்தைப் பற்றியும் இல்லை. சாய்வாகவும் சொருகலாம், வளைத்தும் சொருகலாம். தானாக நடப்பது என்ற பொருளும் இல்லை, ஒருவர் வேண்டுமென்றே செய்வது. கிளைகளும் தடங்கலில்லாமல் வருகின்றன: சொருகு வேகம், சொருகு கோணம், சொருகு பாதை. ‘வல்லூறு 200 மீட்டர் உயரத்திலிருந்து சொருகி, புறாவை அடித்தது’ என்று எழுதிப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அடிக்குறிப்பு வேண்டாம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எனக்கும் தெரியும். ‘கண் சொருகியது’ என்கிறோமே, மயக்கம் அல்லவா என்று கேட்பீர்கள். இருக்கட்டும், ‘அடி’ என்பதற்கு எத்தனை பொருள்? எழுத்து வழக்கு ‘செருகு’ அல்லவா என்று கோவை ஐயா கட்டாயம் கேட்பார். ஆமாம் ஐயா, ஆனால் செருகைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், செருகுநிரல் என்று. அந்த ஒரு எழுத்து வித்தியாசம் நமக்கு வசதிதானே? பேச்சுவழக்கிலிருந்து கலைச்சொல் எடுப்பது தரக்குறைவு என்ற எண்ணம் இருந்தால், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஸ்டூப் என்ற சொல்லே வல்லூறு பழக்கியவர்களின் வாயிலிருந்து வந்ததுதான், அகராதிக்குழு கூடி வைத்ததல்ல.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய வம்பு இல்லை. மூக்குத்துளைக்குள் இருக்கும் எலும்புப் புடைப்புக்கு ‘மூக்குக் குமிழ்’ நன்றாக இருக்கிறது. வேகமாக வரும் காற்றை அது தணிக்கிறது என்ற விளக்கத்தை மட்டும் ‘கருதப்படுகிறது’ என்று எழுதுங்கள், முடிந்த முடிவாக வேண்டாம். மூன்றாவது இமைக்கு ‘இமைப்படலம்’ போதும். அலகின் முனைக்கு ‘அலகுப் பல்’, உண்மையில் பல் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். பெயர் விஷயம் தனி இழைக்குப் போகட்டும். பலர் சிக்ரா என்ற சிறு வேட்டைப் பறவையையும் வல்லூறு என்கிறார்கள், ராஜாளி என்றால் அதே பெயருள்ள அரக்கோணம் கடற்படைத் தளம் நினைவுக்கு வருகிறது, இதைத் தொட்டால் பொங்கல் வரை முடியாது.

கையேடு அடுத்த வெள்ளிக்கிழமை செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்குப் போகிறது. புதனுக்குள் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. சொருகி அடித்த பிறகு, அந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு கீழே ஒரு வளைவு போட்டு மேலே ஏறுமே, அதற்கு என்ன சொல்வது? ‘மீண்டெழல்’ அரசியல் மேடைபோல இருக்கிறது. வெறும் ‘எழல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், பழைய எழாலுக்குப் பக்கத்தில் நிற்கும் என்ற ஆசையில். பெரியவரிடம் கேட்கலாம் என்று நேற்று மறுபடி போனேன். ஆடுகளை மேலே ஓட்டிப் போய்விட்டாராம், ஞாயிற்றுக்கிழமைதான் இறங்குவாராம்.

அன்புடன்,
மலை அடிவாரத்திலிருந்து