தூய்மைப் பணியாளர்களுக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் எழுத்து வட்டம்: எப்படித் தொடங்குவது?

வினா: கிளைநூலக வாசகி

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் உறுப்பினராக இருக்கிறேன். நகராட்சியில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும், அவர்களோடு பழகிவரும் திருநங்கையர் இருவரும் தங்கள் கதைகளை எழுத ஆசைப்படுகிறார்கள். மாடி அறையைத் தர நூலகரும் இசைந்துவிட்டார். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. முதலில் இலக்கணமும் சிறுகதை வடிவமும் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆண்டு முடிவில் ஒரு தொகுப்பு கொண்டுவரலாம் என்று வட்டத்தின் மூத்தவர்கள் சொல்கிறார்கள். இந்த வரிசை சரிதானா, எழுத வராதவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது, தொகுப்பு என்ற இலக்கு தேவையா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய அறிவொளித் தொண்டர்

அம்மா, அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். இலக்கண வகுப்பு என்று அறிவித்தால் மூன்றாம் வாரம் அறையில் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கல்குவாரிப் பெண்கள் குவாரிக் குத்தகை, கூலிக் கணக்கு, சைக்கிள் என்று தங்கள் நடப்போடு சேர்த்தே எழுத்தைக் கற்றார்கள். எழுத்து ஒரு தனிப் பாடமாக அவர்கள் முன் வந்து நின்றிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது.

எழுத வராதவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. ஒருவர் சொல்ல, மற்றொருவர் அதைப் பேச்சு வழக்கு மாறாமல் எழுத வேண்டும். எழுதியதை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டி, சொன்னவர் திருத்தச் சொல்வதை மட்டும் திருத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர், பாட்டி ஒருவர் சொன்ன கிணற்றுக் கதையை எழுதும்போது, இடையில் அவர் வசைபாடிய ஊர்ப் பெரியவரை நாகரிகம் கருதி விட்டுவிட்டார். படித்துக் காட்டியதும் பாட்டி தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அந்த ஆள எங்கடா விட்ட? அவன் இல்லாம கெணறு எப்படி வத்தும்?” என்று கேட்டார். கதையின் கட்டுக்கோப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, மாணவருக்குத் தெரியவில்லை.

இந்த முறையில் வாசிப்பும் கூடவே வந்துவிடுகிறது. தன் வாயால் சொன்ன வாக்கியம் என்பதால் அடுத்த சொல் என்னவென்று சொன்னவருக்கு முன்பே தெரியும். எழுத்துக்கூட்டும் துணிச்சல் அதிலிருந்துதான் பிறக்கிறது. பிரிட்டனில் முதியோர் கல்வி மாணவர்களே எழுதி 1975 முதல் 1985 வரை வெளியிட்ட ‘ரைட் ஃபர்ஸ்ட் டைம்’ என்ற செய்தித்தாளிலும் இவ்வகை எழுத்துகள் இடம்பெற்றன.

மறுமொழி: செங்காந்தள்

தோழர் சொன்ன முறை நல்லது. ஆனால் அதற்கு முன்பு, அந்த அறையில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். நான் திருநங்கை. எங்களைப் ‘பார்க்க’ வருகிறவர்கள் சுவரோரம் அமர்ந்திருந்தால் நாங்கள் அவர்களுக்குப் பிடித்த கதையைத்தான் சொல்வோம். திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி தன் வாழ்க்கையை எழுதுவதற்கு முன்பு மற்றத் திருநங்கையரின் கதைகளைக் கேட்டுத் தொகுத்து, 2004இல் ‘உணர்வும் உருவமும்’ நூலாக வெளியிட்டார். கேட்டவரும் அவர்களில் ஒருவர் என்பதால் திறந்த வாய்கள் அவை. உங்கள் வட்டத்தின் மூத்தவர்கள் வரலாம். வந்தால் அவர்களும் எழுதிப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கட்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கபி நகரில், அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைப் பெண்களுக்காகப் பாட் ஷ்னைடர் என்ற கவிஞர் நடத்திய பட்டறைகளில் இதே விதி இருந்தது. அப்போதுதான் எழுதிய வரைவை யாரும் குறை சொல்லக் கூடாது, எழுதியவரே வேறுவிதமாகச் சொன்னாலன்றி எல்லாவற்றையும் புனைவாகவே கருத வேண்டும், அறையில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பவையும் அவர் வகுத்த விதிகளே. புனைவாகக் கருதுவது ஏன் முக்கியம் என்றால், “அப்புறம் உன் வீட்டுக்காரர் என்ன செய்தார்?” என்று கேட்க அதற்குப் பிறகு யாருக்கும் உரிமை இல்லை, “அந்தக் கதையில் வரும் பெண் ஏன் கதவைத் திறக்கவில்லை?” என்றுதான் கேட்க முடியும்.

மறுமொழி: சிற்றிதழ்க்காரன்

அறைக்குள் அந்தப் புனைவு விதி காக்கும், அச்சில் காக்காது. சிறிய ஊரில் பெயரை மாற்றினாலும் தெருவும் வேலை நேரமும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மலக்குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், யார் இறங்கச் சொன்னார் என்று ஒரு தொழிலாளி எழுதும் இரண்டு வரி ஒப்பந்ததாரரின் கண்ணில் புகாராகவே படும். மறுநாள் வேலை இருக்குமா என்பது ஐயம். ஆகவே தொகுப்பை இலக்காக முதலிலேயே அறிவிக்காதீர்கள். பின்னாளில் அவர்களே கேட்டால், அச்சுக்குப் போகும் இறுதிப் படியை உரியவரிடம் முழுவதும் படித்துக் காட்டி, ‘வேண்டாம்’ என்று சொல்லக் கடைசி நாள் வரை இடம் கொடுங்கள். சொன்னவரே ஆசிரியர், எழுதிக்கொடுத்தவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பம் இடுவது அவசியம். நல்லெண்ணத்தோடு தொடங்கிய பல முயற்சிகள் அட்டையில் யார் பெயர் என்ற சண்டையில்தான் முடிகின்றன.

தரம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். பிரிட்டனில் தொழிலாளர் எழுத்துக் குழுக்கள் 1976இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து அரசின் கலை மன்றத்திடம் நிதி கேட்டபோது, இலக்கியத் தகுதி போதாது என்று முதலில் மறுக்கப்பட்டது. கூட்டமைப்பு அதன் பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இயங்கியது.

இன்னொன்று, என்னுடைய எரிச்சலாகவே வைத்துக்கொள்ளுங்கள்: அவர்களிடம் துயரத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். குப்பை அள்ளும் பெண்ணுக்குப் பேய்க்கதை எழுத ஆசை இருக்கலாம்; சினிமா பார்த்துவிட்டு முடிவை மாற்றி எழுத ஆசை இருக்கலாம். முதல் வாரமே “உங்கள் வலியை எழுதுங்கள்” என்று சொல்வது, நேர்காணலுக்கு வரும் தொலைக்காட்சிக்காரர்கள் செய்கிற வேலை.

வினா எழுப்பியவர்: கிளைநூலக வாசகி

மூவருக்கும் நன்றி. தொகுப்பு என்ற பேச்சை நிறுத்திவிட்டு, எழுதிக்கொடுக்கக் கல்லூரி மாணவியர் சிலரைக் கேட்கிறேன். ஞாயிறு காலை பத்து மணி என்று நேரம் வைத்திருக்கிறோம், அது பொருந்துமா?

மறுமொழி: செங்காந்தள்

பொருந்தாது. தூய்மைப் பணியாளர்களில் பலருக்கு ஞாயிறும் வேலை நாள்தான். வீட்டு வேலை செய்வோருக்கோ எல்லோரும் வீட்டில் இருக்கும் அன்றுதான் பாத்திரம் அதிகம். காலை மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்குப் போனவர்கள் பிற்பகலில் திரும்பியிருப்பார்கள். வீட்டு வேலைக்காரர்கள் மாலை வேலைக்கு மூன்றரை, நான்கு மணிக்குக் கிளம்புவார்கள். வார நாளில் இரண்டு மணிக்குத் தொடங்கி, மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு பெரிதாக வராது. தேநீருக்கும், கூட வரும் பிள்ளைகளை அரைமணி நேரம் கீழே பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கும் மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு, எந்த நாள் என்பதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.