புதுப்பிப்பு: கடவுச்சொல் தராமல் இயக்குநரின் மின்னஞ்சலை உதவியாளரிடம் ஒப்படைத்தல் (தீர்ந்தது)

எங்கள் இயக்குநரின் ஜிமெயிலை, கடவுச்சொல் கொடுக்காமல், வெளியூரிலிருந்து பணிபுரியும் உதவியாளர் கையாள வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

அஞ்சல்களை உதவியாளரின் முகவரிக்குத் தானாகத் திருப்பி அனுப்பும் வழி ஒத்துவரவில்லை, ஏனெனில் பதில்கள் உதவியாளரின் முகவரியிலிருந்தே சென்றன. பலன் தந்தது, இயக்குநரின் ஜிமெயில் அமைப்புகளில் (Settings) கணக்குகள் பகுதிக்குச் சென்று அணுகல் உரிமை வழங்கும் யோசனைதான்: உதவியாளர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்தே இயக்குநரின் அஞ்சல்களைப் படிக்கவும், பதிலளிக்கவும், நீக்கவும் முடிகிறது, கடவுச்சொல்லை மாற்ற இயலாது என்பது இயக்குநருக்குப் பெரிய நிம்மதி.

எதிர்பாராதது ஒன்று: நிறுவனக் கணக்கு என்பதால், நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்குகளை மேலாண்மை செய்யும் நிர்வாகி முதலில் இவ்வசதியை இயக்க வேண்டியிருந்தது, உதவியாளருக்கும் எங்கள் நிறுவன முகவரியே தேவைப்பட்டது. நாள்காட்டி இதில் அடங்காது. அதை, நிகழ்வுகளை மாற்றும் உரிமையுடன் தனியே பகிர வேண்டும்.