முகப்பை மட்டும் வைத்துக்கொண்டால் அது மரபுப் பாதுகாப்பா? ரொறன்ரோவின் கொங்கோர்ஸ் கட்டடம் பற்றி மூவரின் உரையாடல் (புனைபெயர்களில்)

சுண்ணாம்புச்சாந்து:
அடிலெய்ட் வீதி மேற்கில் 100ஆம் இலக்கம். 1928இல் எழுந்த 16 மாடிக் கொங்கோர்ஸ் கட்டடத்தின் தெற்கு, கிழக்கு முகப்புகள் கழற்றப்பட்டு, இப்போது 2017இல் முடிந்த 40 மாடி அலுவலகக் கோபுரத்தில் ஒட்டியிருக்கின்றன. வாசல் வளைவில் ஓவியர் ஜே.ஈ.எச். மக்டொனால்டின் மொசைக் அலங்காரம் தெரிகிறது. பின்னால் இருந்த உருக்குச் சட்டகமும் தளங்களும் போய்விட்டன. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1920களின் அலுவலகம் எப்படி இயங்கியது என்பதை முகப்பு சொல்லாது. அதை அறைகளின் ஆழமும் யன்னல் வெளிச்சம் எட்டும் தூரமும்தான் சொல்லும்.

உத்தரம்:
இடிக்க அனுமதி கிடைத்த காலத்தையும் பாருங்கள். ஒன்ராறியோ மரபுச் சட்டம் 2005இல் திருத்தப்படும்வரை, நகரசபையால் இடிப்பைத் தள்ளிப்போடத்தான் முடிந்தது, தடுக்க முடியவில்லை. பேரம் பேசி இரண்டு முகப்புகளைப் பெற்றதே பெரிய காரியம்.

‘கழற்றாமல் நின்ற இடத்திலேயே தாங்கியிருக்கலாமே’ என்று அடுத்து யாராவது கேட்பார்கள். சுமைதாங்கும் சுவரென்றால் முடியும். நடைபாதையில் உருக்குத் தாங்கி, அது கவிழாதிருக்க அடியில் கொங்கிறீட் எடைக்கட்டைகள், ஒவ்வொரு மாடி மட்டத்திலும் சுவரின் இருபுறமும் கிடைச்சட்டம். போல்ட்டுகளை யன்னல் துவாரங்கள் வழியாகவே போட வேண்டும், கல்லைத் துளைக்கக் கூடாது. அதன் பிறகே பின்தளங்களை மேலிருந்து கீழாக இடிக்கலாம். ஆனால் 1928இன் உயரக் கட்டடத்தில் செங்கல் தன் காலில் நிற்பதில்லை. மாடிக்கு மாடி உருக்கு உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சட்டகத்தை எடுத்தால் சுவருக்குப் பிடிமானமே இல்லை.

சுண்ணாம்புச்சாந்து:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! சட்டகமும் சுவரும் ஒரே உடம்பு என்றால், சட்டகத்தை ஏன் இடித்தார்கள்?

உத்தரம்:
வாடகைக்காக. இன்றைய நிறுவனங்கள் நடுக்கருவிலிருந்து (மின்தூக்கியும் படிக்கட்டும் உள்ள நடுப்பகுதி) யன்னல்வரை 12 மீட்டர் தூணில்லாத தளம் கேட்கின்றன. பழைய சட்டகத்தில் 6 மீட்டருக்கொரு தூண் நிற்கும். இதை நான் நியாயப்படுத்தவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

பனிக்காலம்:
இரண்டு பேரும் மாடி உயரத்தை விட்டுவிட்டீர்கள். பழைய மாடி 3.5 மீட்டர், புதியது 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு அரை மீட்டர் விலகும். எட்டு மாடி முடியும்போது விலகல் முழு 4 மீட்டர். நடுவில் நாலாம், ஐந்தாம் மாடிகளில் புதிய தளம் பழைய யன்னலைக் குறுக்கே வெட்டும். கறுப்புக் கண்ணாடி போட்டு மறைப்பார்கள். தெருவில் நிற்பவருக்கு அந்த யன்னல் குருடாகத்தான் தெரியும். முகப்புக்குப் பின்னாலுள்ள மாடிகளையாவது பழைய உயரத்திலேயே போடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

இன்னொன்று, குளிர். பழைய சுவருக்குள் கட்டடத்தின் சூடு ஊடுருவி, நனைந்த செங்கல்லை உலர வைத்தது. உட்புறம் காப்புப் பஞ்சு வைத்தவுடன் செங்கல் சூட்டை இழக்கிறது. மழைநீர் உள்ளேயே நின்று உறைந்து விரிகிறது, இரண்டு மூன்று குளிர்காலத்திலேயே முகம் உரியத் தொடங்கலாம். காப்பு வைக்குமுன் செங்கல்லைச் சோதனைச்சாலையில் உறையவைத்துப் பார்க்க வேண்டும். கூரை விளிம்பிலும் யன்னல் அடிக்கல்லிலும் நீர் வடியும் வழியைச் சரிசெய்ய வேண்டும். பணம் போக வேண்டியது அங்கேதான்.

சுண்ணாம்புச்சாந்து:
சாந்தையும் சேருங்கள். திரும்பக் கட்டும்போது சீமெந்து 1, மணல் 3 என்ற சாந்து போட்டால் அது பழைய செங்கல்லையும் மென்கல்லையும்விடக் கெட்டியாகலாம். அசைவு வந்தால் சாந்து விட்டுக்கொடுக்காது, கல்லின் ஓரம் தெறிக்கும். சீமெந்து 1, சுண்ணாம்பு 2, மணல் 9 என்ற மெலிந்த கலவையே பொருந்தும். பிணைப்புக் கம்பிகள் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும், துரு பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளந்துவிடும்.

உத்தரம்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை வேலையின் தரம் பற்றியவை, முகப்பு காப்பதே தவறு என்பதற்குச் சான்றல்ல. 1845இன் கொமர்ஷல் வங்கி முகப்பைக் கழற்றிப் புரூக்ஃபீல்ட் பிளேஸ் என்ற அலுவலக வளாகத்தில், கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்த கண்ணாடிக்கூரைக் கூடத்துக்குள் கட்டினார்கள். மழையும் பனியும் படாமல் நிற்கிறது.

சுண்ணாம்புச்சாந்து:
தெருவை இழந்து நிற்கிறது. அதற்குப் பதிலாக பே வீதி 234ஐப் பாருங்கள். 1937இன் பங்குச்சந்தைக் கட்டடம். 1991இல் அதையொட்டிக் கோபுரம் எழுந்தது. வணிகக் கூடமும் சுவரோவியங்களும் அதே இடத்தில் இருக்கின்றன.

பனிக்காலம்:
அது தாழ்ந்த கட்டடம். கொங்கோர்ஸ் 16 மாடி, அதை முழுதாக விட்டுவிட்டுக் கோபுரம் எழுப்புவது எளிதல்ல. அடுத்த விண்ணப்பம் வரும்போது நகரசபையில் கேட்க வேண்டியது இதுதான்: முகப்புக்குப் பின்னால் ஒரு தூண் வரிசை ஆழமாவது பழைய சட்டகத்தோடு நிற்குமா?

உத்தரம்:
ஒரு வரிசை என்றால் 6 மீட்டர். முகப்புக்குத் தாங்கியும் தனியாகத் தேவைப்படாது. அந்த நிபந்தனைக்கு நானும் கைதூக்குவேன்.

சுண்ணாம்புச்சாந்து:
இரண்டு வரிசை கேளுங்கள். ஒன்று கேட்டால் பாதிதான் தருவார்கள்.