அரசாங்க ஆஸ்பத்திரி மேல் கேஸ்: ஆறு வருஷமா, மூன்று வருஷமா?

பழைய கிராணி:
நேற்று கம்பத்து ராஜா எழுதியதைப் படித்து எரிச்சலாகிவிட்டது. "ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் கேஸ் போட ஆறு வருஷம் டைம் இருக்கு, நிதானமாக லாயரைப் பாருங்கள்" என்கிறார். யாருக்கு ஆறு? தனியாருக்கு ஆறு. இங்கே மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் தோட்டத்து ஜனங்கள் போவது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. அதற்கு 36 மாதம்தான். 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம்.

கம்பத்து ராஜா:
1953 காலவரையறைச் சட்டத்தில் ஆறு என்றுதான் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம்.

பழைய கிராணி:
அரசாங்கத்தின் மேல் போட்டால் 36. எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

தைப்பிங் பையன்:
அண்ணே, முதலில் எது கவனக்குறைவு என்று சொல்லுங்கள். சிகிச்சையில் தப்பு என்றால் ஓர் அளவுகோல், ஆபத்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் வேறு அளவுகோல். நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2006 கடைசியில் தீர்ப்பு சொன்ன வழக்கு, ஆபத்தைச் சொல்லாததைப் பற்றியதுதானே? 1982-ல் விபத்து, கழுத்தில் அறுவை, உடம்பு செயலிழந்துவிட்டது.

பழைய கிராணி:
அது தெரியும் தம்பி. ஆனால் 36 மாதம் தாண்டிவிட்டால் அளவுகோலை வைத்து என்ன செய்வது?

கம்பத்து ராஜா:
கிராணி, காலவரையறைச் சட்டத்துக்கு 2018-ல் திருத்தம் வந்துவிட்டது. தப்பு தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருஷம்.

பழைய கிராணி:
ஹா! அந்தத் திருத்தம் உடல் காயத்துக்கு இல்லை என்று அதிலேயே இருக்கிறது. கட்டடம் விரிசல் விட்ட கேஸுக்கெல்லாம் ஆகும். வாட்ஸ்ஆப்பில் வந்ததைப் படித்தால் இப்படித்தான்.

வார்டு அக்கா:
எதற்கெடுத்தாலும் கேஸ் போடலாம் என்று கிளப்பிவிடாதீர்கள். ராத்திரி டூட்டியில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கை பார்க்கிறாள் என்று வந்து பாருங்கள்.

பழைய கிராணி:
அக்கா, உங்களை யார் சொன்னது? நான் மாதக் கணக்கைச் சொல்கிறேன்.

செல்வி:
என் மாமாவுக்குக் காலில் அறுவை செய்து இரண்டரை வருஷம் ஆகிறது, இன்னும் நடக்க முடியவில்லை. ஜெயித்தால் மட்டும் பங்கு எடுத்துக்கொள்ளும் லாயர் ஈப்போவில் இருக்கிறாராமே?

பழைய கிராணி:
மலேசியாவில் லாயர் அப்படிப் பங்கு பேசக்கூடாதம்மா, சட்டம் விடாது. முதலில் மருத்துவ ரிப்போர்ட்டுக்கு எழுதிக் கொடு. மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் டாக்டரைத் தண்டிக்கலாம், உனக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) வராது. நஷ்டஈடு கோர்ட்டில்தான். பார்த்தீர்களா, இன்னும் ஆறே மாதம்! ராஜா பேச்சைக் கேட்டால் இந்தப் பெண் கதி?

கம்பத்து ராஜா:
மூன்று வருஷமாகத் திருவிழாக் கணக்கு காட்டாதவர் 36 மாதத்தைப் பற்றிப் பேசுகிறார்.

பழைய கிராணி:
கணக்கு கமிட்டியிடம் இருக்கிறது. ஒலிபெருக்கி வாடகையில் 400 வெள்ளி எங்கே போனது என்று நீங்கள் சொல்லுங்கள்.

தைப்பிங் பையன்:
செல்வி அக்கா, அது அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா?

கம்பத்து ராஜா:
ஒலிபெருக்கிக்கு ரசீது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். ஆறு வருஷம்தான்.

பழைய கிராணி:
36 மாதம். ரசீதைக் கொண்டு வாருங்கள், அதில் யார் கையெழுத்து என்றும் பார்க்கலாம்.